காஞ்சிபுரம் முதல் தரம்

சென்னையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்குச் சமீபத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பழைய கடையில் வேலை பார்த்த கிழவன் என்று ஒரு பொன்னாடையைப் போர்த்தி, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதோடு என்னை மறந்துவிட்டார்கள். பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள் வெள்ளைக்காரர் காலத்து ராணித் தலை வெள்ளி ரூபாய் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது புது எவர்சில்வர் டம்ளர் போலப் பளபளத்தது. ஒருவன் அதை மேசையில் போட்டுவிட்டு, "சுத்தமான காஞ்சிபுரம் முதல் தரம்பா இது" என்றான். மற்றவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்படின்னா என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"தேய்ச்சுக் கெடுத்த காசுக்கு அப்படித்தான் சொல்றது சார். அந்தக் காலத்துல காஞ்சிபுரத்துல ஒரு கடைக்காரர் இருந்தாராம். விபூதி போட்டுத் தேய்ச்ச ரூபாயைப் பார்த்து, நாலு பேர் முன்னாடி 'முதல் தரம்'னு சொன்னாராம். நிஜமா நடந்ததான்னு தெரியாது. சும்மா ஜோக்."

நிஜமாகவே நடந்தது தம்பி. அந்தக் கடையில்தான் நான் வேலை பார்த்தேன். அந்த நாலு பேரில் நானும் ஒருவன். ஜோக்கில் பாதிதான் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. மீதியை யார் காதுக்குப் போகக் கூடாது என்று மறைத்தார்களோ, அந்த அம்மாள் இப்போது உயிரோடு இல்லை. அதனால் எழுதிவிடலாம்.

இந்தக் காலத்தில் காசுக்குத் தரம் சொல்ல ஆள் தேவையில்லை. கம்பெனிக்கு அனுப்பினால் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, மேலே ஒரு நம்பரை ஒட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். வாங்குகிறவர் காசைப் பார்ப்பதில்லை, நம்பரைப் பார்க்கிறார். மாப்பிள்ளையைப் பார்க்காமல் ஜாதகத்தை மட்டும் பார்த்துக் கல்யாணம் முடிக்கிற கதைதான். நன்றாக இருக்கட்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளியைச் சும்மா வைத்தாலே நிறம் மாறும். காற்றில் இருக்கிற கந்தகம் அதன் மேல் மெல்லிசாகப் படியும். எடுத்த எடுப்பில் கறுத்துவிடாது. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு அரக்கு, பிறகு ஊதா, நீலம், கடைசியில்தான் கறுப்பு. எதில் சுற்றி எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்து, அதிர்ஷ்டமிருந்தால் இத்தனை நிறமும் ஒரே காசில் வளையம் வளையமாக நின்றுவிடும். இதற்கு இப்போது டோனிங் என்று பெயர். எங்கள் முதலாளி 'மேனி' என்பார். மேனி அழகாக இருந்தால் அந்தக் காசை வாங்க அடித்துக்கொள்வார்கள். கரியை அப்பினது போலத் திட்டுத் திட்டாக இருந்தால், அதே வருடத்துக் காசைச் சீந்த ஆள் இருக்காது. துலக்கிவிட்டாலோ கதை முடிந்தது. நிறத்தோடு சேர்ந்து, அச்சிலிருந்து விழும்போது இருந்த ஒளியும் போய்விடும். மிச்சமிருப்பது பாத்திரத்தின் பளபளப்பு. கண்ணாடி வைத்துப் பார்த்தால் தலைமுடி போலக் கீறல்கள் தெரியும்.

இதை நீங்கள் காஞ்சிபுரத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வீடு புளியும் திருநீறும் எடுத்துக்கொண்டு வெள்ளியையும் பித்தளையையும் ஒரு கை பார்க்கிற ஊர் அது. கறுத்த வெள்ளி இருக்கிற வீட்டுக்கு லட்சுமி வர மாட்டாள் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. காசு விற்க வருகிறவர்கள்கூட, அழுக்குக் காசை அடுத்தவர் கையில் கொடுப்பது மரியாதை இல்லை என்று, துலக்கித்தான் கொண்டுவருவார்கள்.

"நல்லா பளபளன்னு வெளக்கி எடுத்துக்கினு வந்துருக்கிறேன்பா. பாத்து நல்ல வெலையா போட்டுக் குடு" என்பார் ஒரு அம்மா.

முதலாளி அந்தக் காசைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, செத்த வீட்டுக்குப் போனவர் அப்படிப் பார்ப்பார். "வெளக்காம கொண்டாந்திருந்தா நான் குடுக்கற வெலையே வேறம்மா" என்று பெருமூச்சு விடுவார். அந்த அம்மா வெளியே போய், "இந்த ஆளுக்கு அழுக்குதான் புடிக்குதாம்" என்று ஊரெல்லாம் சொல்லுவார்.

முதலாளியின் பெயர் நமசிவாயம். ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகிற தெருவில் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. அறுபதுகளின் நடுவில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். பெருக்கினேன், துடைத்தேன், காகித உறை மடித்தேன், திட்டு வாங்கினேன். பிறகு ஒரு நாள் காசைத் தொட விட்டார். என் படிப்பு அவ்வளவுதான்.

ஆனால் அவர் தரம் சொல்லுகிற முறையைச் சொல்லாமல் விட முடியாது. கோயிலில் அபிஷேகம்கூட அவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை. காலை வெயில் ஏறிய பிறகுதான் காசைக் கையில் எடுப்பார். விளக்கு வெளிச்சம் கூடாது; விளக்கு எந்தக் காசையும் அழகாக்கிவிடும், கல்யாணப் பெண்ணைப் போல என்பார். வடக்கு ஜன்னல் ஓரம்தான் இடம். கையைச் சீயக்காய் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கீழே மெத்தென்று ஒரு வெல்வெட் துணியை விரித்துக்கொள்வார். விரல் காசின் விளிம்பில் மட்டும்தான் படும். முகத்தில் பட்டால் ரேகை விழுந்து, நாளைக்கு அதுவே கறுப்பாக நிற்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சட்டம், காசு கையில் இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது. பேசினால் எச்சில் தெறிக்கும், தெறித்த இடம் புள்ளியாகிவிடும். வெற்றிலை போடுகிறவர்கள் ஜன்னல் பக்கம் வரவே கூடாது. அவசரமாக யாராவது ஏதாவது கேட்டாலும் பதில் வராது. ஒரு முறை அவருடைய மைத்துனர் ஓடி வந்து, "மாமா, வூட்டு கெணத்துல பூனை வுழுந்துடுச்சு" என்றார். முதலாளி கையில் இருந்த காசை ஒரு பக்கம் பார்த்து, சாய்த்து, ஒளி ஒரு சுற்றுச் சுற்றி வருகிறதா என்று கவனித்து, திருப்பி, மறு பக்கத்தையும் அதே போலப் பார்த்து, துணியில் வைத்துவிட்டு, "எந்தப் பூனை?" என்று கேட்டார். பூனை அதற்குள் தானே ஏறி வந்துவிட்டது.

ஒரு பக்கத்தைப் பார்த்து எந்தக் காலத்திலும் தரம் சொன்னதில்லை. முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று மூன்று உண்டு. நாலாவதுக்குப் 'பாத்திரக்கடை' என்று பெயர். உருக்கிக் குங்குமச் சிமிழ் செய்யத்தான் ஆகும் என்று அர்த்தம். ஊரார் கொண்டுவருவதில் முக்கால்வாசி பாத்திரக்கடைதான். முதல் தரம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வருவது குதிரைக் கொம்பு. பெரிய பெரிய ஆட்கள் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். "ரெண்டாம் தரத்துக்கு இன்னா கொறைச்சல்? நானே ரெண்டாம் தரம்தான்" என்பார்.

மேனிக்கு விலை உண்டு என்று வெளியே தெரிந்ததும் மேனியைச் சமைக்கிறவர்களும் கிளம்பினார்கள். சரிகை வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒருவர், வானவில்லே இறங்கி வந்தது போல ஒரு ரூபாயைக் கொண்டுவந்து வைத்தார். எனக்கு வாய் பிளந்தது. முதலாளி எடுத்தார், ஜன்னல் ஓரம் போனார், மூக்குக்கிட்டே கொண்டுபோனார், அப்படியே துணியில் போட்டுவிட்டு எழுந்தார். அவர் சுத்த சைவம்.

"இன்னாங்க மொதலாளி?"

"முட்டை அவிச்சு, கூடவே மூடி வச்சுக்கிறான்" என்றவர், கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். வந்த பிறகுதான் எனக்கு விளக்கினார். அவித்த முட்டையிலும் கந்தகம் உண்டு, கூட வைத்து மூடினால் சீக்கிரம் நிறம் ஏறிவிடும். தானாக வந்த நிறம் காசுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். சாய்த்தால் அடியில் ஒளி ஓடும். சமைத்த நிறம் மேலே மிதக்கும். மஞ்சளுக்குப் பக்கத்தில் அரக்கு வர வேண்டிய இடத்தில் நீலம் வந்து குந்தியிருக்கும். வரிசை தப்பினால் ஆள் தப்பு.

நிறங்களுக்கு அவர் வைத்த பெயரெல்லாம் சேலைக் கடைப் பெயர்கள். பட்டு நெய்கிற ஊரில் வேறு எப்படிச் சொன்னாலும் யாருக்கும் புரியாது. எங்கள் கடைக்கே ராஜாவாக ஒரு ராணித் தலை ரூபாய் இருந்தது. அதை அவர் இப்படித்தான் சொல்லுவார்: "ஓரம் மயில்கழுத்து. உள்ள அரக்கு. நடுவுல மாம்பழம்." ஒரு நெசவாளர் குடும்பம் அதைப் பட்டுத் துணித் துண்டில் சுற்றி, கறுத்துவிட்ட வெட்கத்தில் மரப்பெட்டியின் அடியில் போட்டு மறந்திருந்தது. அந்த மறதிதான் அதைக் காப்பாற்றியது. தலைப் பக்கமே அழகு. ஆனால் பூமாலைக்கு நடுவே 'ஒரு ரூபாய்' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிற பின்பக்கம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனசு வராது. "ராணியம்மா ஏன்தான் முன்பக்கம் வந்தாங்களோ" என்று முதலாளி சொல்லுவார். நான் வேலை பார்த்த காலத்தில் அவர் முதல் தரம் என்று சொன்ன காசு அது ஒன்றுதான். அதையும் சத்தமாகச் சொல்ல மாட்டார்.

அந்தக் காசைத் தொட எனக்கே அனுமதி இல்லை. அவருக்கு அடுத்தபடி அதைக் கையில் எடுக்க உரிமை உள்ளவள் அவர் மகள் மரகதம்தான். தாயில்லாப் பெண். கடைக்கு மோர் கொண்டுவருவாள். அவர் எதுவும் பேசாமல் காசை நீட்டுவார். அவளும் விளிம்பில் பிடித்து, வாயை இறுக மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அப்பாவும் மகளும் அரட்டை அடிப்பது அப்படித்தான்.

இந்தக் காசின் மேல் மெட்ராஸ் வக்கீல் ஒருவருக்கு ஒரு கண். பெயர் சந்தானம். நாணயச் சங்கத்தில் பெரிய புள்ளி. வரதராஜப் பெருமாளைச் சேவிக்க வருகிறேன் என்று மாதாமாதம் வருவார். பெருமாள் சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கிறார், இவர் கார் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் கடை வாசலில் நிற்கும். "விலையைச் சொல்லுங்கோ நமசிவாயம்" என்பார். முதலாளி கையில் வேறு ஏதாவது காசை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்.

இப்படியிருக்கையில் மரகதத்துக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அடுத்த தெருப் பட்டுக்கடைக்காரர் மகன், குமார். சம்பந்தம் வந்தது என்று சொல்வது மரியாதைக்குத்தான். அந்தப் பையன் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே எங்கள் கடைக்குச் சில்லறை மாற்ற வந்துகொண்டிருந்தான். நாங்கள் சில்லறை மாற்றுகிற கடை இல்லை. அதை அவனிடம் எத்தனை முறை சொன்னாலும் மறுநாள் மோர் வருகிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பான். மரகதமும் அந்த நேரத்தை மாற்றவில்லை. முதலாளிக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் காசைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பையன் தங்கம். அவன் அம்மா பட்டம்மாள்தான் சிக்கல். அந்த அம்மாள் வீட்டுக் குத்துவிளக்கில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பூஜை அறையை எட்டிப் பார்த்து, பாத்திரத்தை வைத்து மனுஷரை எடை போடுகிறவர். தாயில்லாத வீடு என்று முதலிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தார். பையன் பிடிவாதத்தால்தான் நிச்சயதார்த்தம் வரைக்கும் வந்தது.

நிச்சயதார்த்தம் முதலாளி வீட்டுக் கூடத்தில் நடந்தது. சந்தானம் வக்கீலும் வந்திருந்தார். பாய் விரித்து இரு வீட்டாரும் உட்கார்ந்தார்கள். தட்டு மாற்றுகிற நேரம். தேங்காய், பழம், மஞ்சள், பூ, வெற்றிலையின் மேல் ஒரு வெள்ளி ரூபாய். இதெல்லாம் வழக்கம். கடையில் பளபளவென்று மூன்றாம் தரக் காசு டப்பா டப்பாவாக இருந்தது. அதில் ஒன்றை எடுத்து வைத்திருக்கலாம். இந்த மனுஷர் யாரிடமும் சொல்லாமல், அந்த ராணித் தலை ரூபாயை எடுத்து வைத்துவிட்டார்.

வக்கீல் பாதி எழுந்து, "ஐயோ" என்று மறுபடி உட்கார்ந்தார். தன்னிடம் இருந்த ஒரே முதல் தரத்தை மகளுடைய தட்டில் வைக்கிறார் என்பது எனக்கும் வக்கீலுக்கும் உள்ளே இருந்த மரகதத்துக்கும்தான் புரியும். பட்டம்மாளுக்குப் புரிந்தது வேறு.

தட்டை வாங்க நீட்டிய கையை அவர் பின்னால் இழுத்துக்கொண்டார். "இன்னா இது? கறுத்துப்போன வெள்ளியையா தட்டுல வைக்கறது? இந்த வூட்ல ஒரு காசை வெளக்கி வைக்கக்கூட ஆள் இல்லையா?"

அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "மொத தட்டுலயே கறுப்பு வருது. யோசிச்சுச் செய்யுங்க" என்று எண்ணெய் ஊற்றினார்.

முதலாளி செய்திருக்க வேண்டியது, மன்னிப்புக் கேட்டு வேறு காசை வைப்பது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பாடம் நடத்த ஆரம்பித்தார். "அது கறுப்பு இல்லம்மா. மேனி. ஓரத்துல பாருங்க, மயில்கழுத்து. இதை வெளக்கவே கூடாது."

"வெளக்கக் கூடாதா?" பட்டம்மாள் தன் வீட்டாரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? இந்த வூட்டுப் பொண்ணு நம்ம வூட்டுக்கு வந்து இப்பிடித்தான் பேசும்."

வக்கீலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அம்மா, உங்களுக்கு இதோட அருமை தெரியல. இந்த ஒரு காசுக்கு நான் இப்பவே..."

"அப்ப நீங்களே எடுத்துக்கினு போங்க சாமி. எங்களுக்கு வாணாம். குமாரு, எழுந்திரு. போலாம்."

குமார் எழவில்லை. ஆனால் அவன் அப்பா எழுந்துவிட்டார். அவர் பின்னாலேயே இன்னும் சிலர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்கள். முதலாளி தட்டைக் கையில் ஏந்தியபடியே நின்றார்.

அப்போது உள்ளேயிருந்து மரகதம் வந்தாள். நிச்சயத்துப் பெண் கூப்பிடாமல் வெளியே வரக் கூடாது. அவள் வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே தட்டிடம் போய், அந்தக் காசை எடுத்தாள்.

"அத்தை, அஞ்சு நிமிஷம் குந்துங்க. நான் வெளக்கி எடுத்துக்கினு வரேன்."

பட்டம்மாளை அவள் அத்தை என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அவர் உட்கார்ந்தார். மரகதம் சமையல்கட்டுக்குப் போனாள். முதலாளி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன். பிடுங்கி? அந்தப் பெண்ணின் கல்யாணத்தைக் காகித உறையில் போட்டு மடித்து வைக்கவா?

திரும்பி வந்தாள். காசை வெற்றிலையின் மேல் ராணித் தலை மேலே தெரிய வைத்தாள். பளீரென்று இருந்தது. மயில்கழுத்தும் இல்லை, அரக்கும் இல்லை, மாம்பழமும் இல்லை. எவர்சில்வர். ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல், ராணியம்மாவின் காதோரம் மட்டும் கொஞ்சம் திருநீற்றுப் பொடி ஒட்டியிருந்தது. வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப பாரு, மகாலட்சுமி மாதிரி இருக்குது" என்று பட்டம்மாள் முகம் மலர்ந்தார். அத்தோடு விட்டிருக்கலாம். ஜெயித்தவர்களுக்கு அது போதாது போலிருக்கிறது. "சம்மந்தி, நீங்க ஊர்க் காசுக்கெல்லாம் தரம் சொல்றவராமே. இந்தக் காசுக்குச் சொல்லுங்க, கேப்போம். கறுப்பா இருந்தப்ப நல்லா இருந்துச்சா, இப்ப நல்லா இருக்குதா?"

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். வக்கீலும் கண்ணைத் திறந்து பார்த்தார். பாத்திரக்கடை என்று சொன்னால் மகளுக்குக் கல்யாணம் இல்லை. நல்ல காசு என்று சொன்னால், சாயங்காலத்துக்குள் மெட்ராஸ் சங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். அவருடைய வாய்க்கு அப்புறம் மதிப்பு இல்லை.

முதலாளி இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்துக் காசை எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். எங்களுக்கெல்லாம் முதுகுதான் தெரிந்தது. தலைப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு, பழக்க தோஷம், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். மறுபடி ராணித் தலை மேலே வரும்படி வெற்றிலையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"முதல் தரம்."

தட்டு மாறியது. பாயசம் வந்தது. வக்கீல் பாயசத்தைத் தொடாமல் காரில் ஏறினார்.

பிறகு நடந்ததையெல்லாம் நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. மறுநாள் கடை திறந்ததும் ஒரு அம்மா வந்து, பளபளவென்று ஒரு பிடி காசைக் கொட்டினார். முதலாளி வழக்கம்போல, "பாத்திரக்கடைம்மா" என்றார்.

"அதெப்பிடி? நேத்து சம்மந்தி வூட்டுக் காசுக்கு மொத தரம்னு சொன்னீங்களாமே? அவங்க போட்ட அதே திருநீறுதான் நானும் போட்டேன். அவங்கன்னா ஒண்ணு, நாங்கன்னா ஒண்ணா?"

அதற்கப்புறம் ஊரே கிளம்பிவிட்டது. அதுவரை மறதியாகப் பெட்டிக்குள் கிடந்த காசுகளைக்கூடத் தேடி எடுத்துத் துலக்கினார்கள். முதலாளியே முதல் தரம் என்று சொல்லிவிட்டாரே! காஞ்சிபுரத்தில் மிச்சமிருந்த மேனியெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போயிருக்கும் என்றால் பொய்யில்லை. மெட்ராஸில் வக்கீல் அந்தக் கதையைச் சொல்லாத கூட்டமே இல்லை. முதலாளி குரலில் பேசியும் காட்டுவாராம். வெளியூர் ஆட்கள் வருவது நின்றது. அவர் இரண்டாம் தரம் என்று எழுதிக் கொடுத்த நல்ல காசைக்கூட, "காஞ்சிபுரம் தரம்தானே" என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அன்னைக்கு 'நல்லா இருக்குது'ன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே மொதலாளி. ஏன் 'முதல் தரம்'னு சொன்னீங்க? அந்த ஆள் உக்காந்துக்கினு இருந்தாரே."

கையில் ஒரு காசை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். கடைசி வரை எனக்குப் பதில் சொல்லவில்லை. பெற்ற பாசத்தில் மனுஷர் ஒரு பொய் சொல்லிவிட்டார் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு கடையும் போயிற்று. நான் ஒரு வெள்ளிக்கடையில் தராசு பிடித்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

கண்காட்சியில் அந்தப் பையன்கள் சிரித்த சிரிப்பு என்னைத் தூங்க விடவில்லை. மறுநாளே மரகதத்தின் வீட்டுக்குப் போனேன். இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். "உங்கப்பா பேரு ஜோக்காயிடுச்சும்மா" என்றேன்.

அவள் எழுந்து பூஜை அறைக்குப் போய் அந்தக் காசைக் கொண்டுவந்தாள். விளிம்பில் பிடித்திருந்தாள். இத்தனை வருடத்து வியாழக்கிழமைகள் தேய்த்ததில் ராணிக்கு மூக்கும் இல்லை, வாயும் இல்லை. அசல் பாத்திரக்கடை.

"கைய கழுவிட்டு வாங்கண்ணா" என்றாள்.

கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன். என் கையில் கொடுத்தாள். திருப்பினேன்.

ஓரம் மயில்கழுத்து. உள்ளே அரக்கு. நடுவில் மாம்பழம், இப்போது கொஞ்சம் கனிந்திருந்தது. ஒரு கீறல் இல்லை.

"புளி போட்டா ரெண்டு பக்கமும் போயிடும் இல்லண்ணா? அதான் வெறும் திருநீறு மட்டும் எடுத்தேன். துணி மடிச்சு, அதும் மேல இந்தப் பக்கத்தை வச்சு, மேல் பக்கம் மட்டும் தேய்ச்சேன். அப்பாவுக்கு இதுதான் ஒசத்தி."

"பட்டம்மா பாக்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"கல்யாணமாகி வந்த மொத வெள்ளிக்கெழமையே பாத்துட்டாங்க. 'பின்னாடி இன்னாடி கறுப்பு, பாதி வேலையா வுட்டுட்டே'ன்னு கேட்டாங்க. அடுத்த வாரம் வெளக்கறேன்னு சொன்னேன். மருமக வந்தப்புறம் அவங்க புளியைத் தொடுவாங்களா? கௌரவம் இன்னா ஆவறது? நானும் வாராவாரம் அடுத்த வாரம்னே சொல்லிக்கினு இருந்தேன். எங்க மருமக எதையும் பாதியில வுடறவன்னு சொந்தக்காரங்க கிட்டல்லாம் சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தாங்க." அவள் சிரித்தாள்.

"உங்கப்பா அந்த வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"வக்கீல்கிட்ட சொன்னா ஊருக்குத் தெரியும். உங்ககிட்ட சொன்னா, அவரை யாராவது கேலி பண்ணும்போது நீங்க பொறுக்க மாட்டீங்கண்ணா, கத்திடுவீங்க. எப்பிடியும் அத்தை காதுக்கு வந்துடும். சபையில ஏமாத்தினவன்னு என்னைத் தள்ளி வச்சிருப்பாங்க" என்றாள். "காசு கையில இருக்கும்போது வாயைத் தொறக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லுவாரே, மறந்துட்டீங்களா?"

நான் வாயை மூடிக்கொண்டு, காசை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். நிறத்துக்கு அடியில் ஒளி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பார்த்து முடித்ததும், ராணித் தலை மேலே தெரியும்படி அவள் கையில் வைத்தேன்.